சுவரைப் பார்த்து நின்ற மாலுமி

ஒரு காலத்தில் என் வீட்டில் முப்பத்தொரு கடற்படைக்காரர் இருந்தார்கள். எல்லாரும் கடதாசியில் இருந்தவர்கள். போர்க்காலத்தில் திருகோணமலைத் துறைமுகத்தைச் சுற்றி ஒட்டுவதற்காக அச்சடிக்கப்பட்ட சுவரொட்டிகளில் வந்த ஆட்கள். அவர்களில் பன்னிரண்டு பேர் படையில் சேரச் சொல்லிக் கூப்பிட்டார்கள். ஒன்பது பேர் வாயை மூடிக்கொண்டிருக்கச் சொன்னார்கள். மிச்சப் பத்துப் பேரும் காரணம் எதுவும் சொல்லாமல் சிரித்துக்கொண்டு நின்றார்கள். முன் அறைச் சுவரில் ஆறு பேர், மற்றவர்கள் அலுமாரிக்கு மேலே சுருளாக. விருந்தாளி வந்தால் என் மனைவி கதிரையை இழுத்துப் போட்டுவிட்டு, "இருங்கோ. அவையளைப் பாக்காதேங்கோ, அவையள் சாப்பிட மாட்டினம்" என்பாள்.

நான் திகதி எழுதுகிற ஆள். மழை பெய்தால் எழுதுவேன், பெய்யாவிட்டாலும் எழுதுவேன். வீட்டுக்கு வந்த ஒவ்வொரு சுவரொட்டிக்கும் ஒரு நீலமட்டைக் கொப்பியில் ஒரு வரி உண்டு: கிடைத்த திகதி, கிடைத்த இடம், நீளம், அகலம், சேதம், பின்புறம். கடைசிப் பத்தியில் பெரும்பாலும் 'வெறுமை' என்றுதான் எழுத வேண்டி வரும். இருந்தும் அந்தப் பத்தியை விடவில்லை, கொப்பியின் அகலத்துக்கு அது சரியாக வந்தது. இந்தக் கதை அந்தப் பத்தியில் நான் எழுதிய நாலு சொற்களால் வந்தது.

சேகரிப்பு தொடங்கியது 1957 ஒக்டோபரில், வெள்ளைக்காரர் தளத்தைக் கையளித்துவிட்டுப் போன மாதம். நான் அப்போது துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கந்தோரில் இளநிலை எழுதுவினைஞன். காலியான கட்டிடம் ஒன்றின் பின்பக்கத்தில் ஒருவர் பழைய கடதாசிகளை எரித்துக்கொண்டிருந்தார். எரியாமல் அடம்பிடித்த தடித்த சுருள் ஒன்றை, "இது ஈரம், வேணுமெண்டால் கொண்டுபோங்கோ" என்று என்னிடம் நீட்டினார். விரித்துப் பார்த்தேன். பீற்றூட் கன்னத்தோடு ஒரு மாலுமி, விரலை நேராக என் மூக்குக்கு நீட்டிக்கொண்டு, தன்னோடு வரச் சொன்னான். அவன் கூப்பிட்ட யுத்தம் முடிந்து பன்னிரண்டு வருடம். அவனுக்கு அதை யாரும் சொல்லவில்லை. இரக்கப்பட்டு வீட்டுக்குக் கூட்டிவந்தேன்.

படையில் சேர்ந்தால் உலகத்தைச் சுற்றிப் பார்க்கலாம் என்பதுதான் பெரும்பாலான சுவரொட்டிகளின் சாரம். அதைத் திருகோணமலையில் ஒட்டியவரின் மூளையை நான் இன்றைக்கும் வியக்கிறேன். அந்த வருடங்களில் உலகம் முழுக்க எங்கள் ஊருக்கு வந்து, சந்தையில் வாழைப்பழம் விலை கேட்டுக்கொண்டு நின்றது. அதைப் பார்க்க நாங்கள் கப்பல் ஏறத் தேவையில்லை. பயப்படாதே, உறுதியாக நில் என்ற வகைச் சுவரொட்டிகளும் உண்டு. 1942 ஏப்ரல் 9, வியாழக்கிழமை காலை யப்பான் விமானங்கள் வந்தபோது எனக்கு வயது பதினொன்று. நாங்கள் எல்லாரும் மிக உறுதியாகக் கந்தளாய்ப் பக்கம் நடந்தோம். என் சின்னையா ஒரு கையில் மணிக்கூட்டையும் மறு கையில் கோழியையும் பிடித்துக்கொண்டு முன்னால் போனார். சுவரில் நின்றவன் மட்டும்தான் ஊரில் நின்றான்.

சல்லி என்ற கரையோர ஊரில் ஒரு அட்மிரல் கிடைத்தார். மீன் காயவிடும் இடத்தில், கருவாட்டுக்குக் கீழே விரித்திருந்தார்கள். நெஞ்சில் பதக்கங்கள் இருக்க வேண்டிய இடத்தில் ஆறு சூடைமீன்களின் உப்புக் கோடு அச்சாகப் பதிந்திருந்தது. பதக்கங்களைவிட அதுதான் அவருக்குப் பொருத்தம் என்று தந்த அம்மா சொன்னா. கொப்பியில் 'சேதம்' என்ற பத்தியில் அதை எழுதுவதா, வேறெங்காவது எழுதுவதா என்று ஒரு நாள் யோசித்தேன். மணம் மூன்று வருடம் போகவில்லை.

நகரத்தில் ஒரு சலூனில், வாயைக் காக்காதவனால் கப்பல் மூழ்கும் என்று எச்சரிக்கிற சுவரொட்டி கண்ணாடிக்கு மேலே தொங்கியது. ஊரில் யார் யாரோடு கோபம், யார் வீட்டில் என்ன சமையல் என்ற எல்லாச் செய்தியும் புறப்படுகிற இடம் அந்தச் சலூன். எட்டு வருடம் கேட்டேன், முடிதிருத்துகிறவர் தரவில்லை. "அதை எடுத்தால் ஆக்கள் கதைக்க மாட்டினம் ஐயா. அதைப் பாத்தவுடனைதான் அவையளுக்கு ஞாபகம் வருது, சொல்லக்கூடாத கதை ஒண்டு இருக்கெண்டு" என்றார்.

எனக்கு இல்லாமல் இருந்தது தமிழ்ச் சுவரொட்டி. போர்க்காலத்தில் உள்ளூர் ஆட்களைச் சேர்க்கத் தமிழிலும் அடித்தார்கள் என்று பலர் சொன்னார்கள். கண்ணால் கண்டதாக ஒருவரும் சொல்லவில்லை. அது எனக்குப் பல்லில் சிக்கிய நார்போல ஏழு வருடம் இருந்தது.

1964 டிசெம்பர் 22, செவ்வாய். அன்று அடித்த சூறாவளியைப் பற்றி எங்கள் பக்கத்து ஆட்களுக்கு நான் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. அதற்குப் பின் இரண்டு மாதம் கழித்துக் கந்தோர் வேலையாகக் கிண்ணியாவுக்குப் போனேன். தெருவோரம் ஒரு தையற்காரரின் வீடு கூரை இல்லாமல் நின்றது. அவர் அந்தக் கூரையில்லாத முன் அறையில், குடையைக் கட்டிவைத்து அதன்கீழே மெசினை மிதித்துக்கொண்டிருந்தார். பலகைச் சுவர்களில் உள்பக்கம் முழுக்கத் தடித்த வெள்ளைக் கடதாசி, சின்ன ஆணிகளால் அடிக்கப்பட்டிருந்தது. ஒரு மூலை கழன்று காற்றில் மடிந்தபோது மறுபக்கத்தில் ஒரு கண்ணைக் கண்டேன். நீல நிறக் கண்.

"நானா, அந்தக் கடதாசிக்கு மற்றப் பக்கம் என்ன?" என்றேன். முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் 'நானா' என்றுதான் கூப்பிடுவோம்.

"ஆளுகள்ட படம் தம்பி" என்றார். போர்க்காலத்தில் தளத்துக்கு உடுப்புத் தைத்துக் கொடுத்தவராம். யுத்தம் முடிந்ததும் எறியக் கிடந்த கடதாசிகளைக் கேட்டு வாங்கி வந்து, வாடைக்காற்று பலகை இடுக்கால் வராமல் அடித்தாராம். "வீட்டுக்குள்ள ஆள் படம் தொங்கினா தொழுறதெப்படி? அதான் மொகத்தச் சுவருக்குத் திருப்பி அடிச்ச. பாவம், அவனுகளும் ஒரு குத்தமும் செய்யல்ல, ஆனா வீடு எங்கட வீடு."

அப்படியாக இருபது வருடத்துக்குக் கொஞ்சம் குறைய, பதினொரு மாலுமிகள் கிண்ணியாவில் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வெயில் படவில்லை, கை படவில்லை. நிறம் நேற்று அடித்ததுபோல இருந்தது. கதவிலிருந்து மூன்றாவதைக் கழற்றித் திருப்பினேன். தமிழ். கீழே பெரிய எழுத்தில் தமிழ். மேலே ஒரு மாலுமி. வெள்ளைக்காரனை வரைந்த அதே படத்துக்கு மண்ணிறம் பூசியிருந்தார்கள். கண்ணைப் பூச மறந்துபோனார்கள். நீலக்கண் தமிழன் ஒருவன் தன் இனத்தைக் கடலுக்குக் கூப்பிட்டான்.

"எடுத்துக்கிட்டுப் போங்க தம்பி, நான் கல்லுச்சுவர் கட்டப்போறன்" என்றார் தையற்காரர். "ஒண்டு மட்டும். பின்னுக்கு என்ட அளவெல்லாம் இரிக்கி. தேவப்பட்டா வந்து பாப்பன்."

"ஓம், எப்ப வேணுமெண்டாலும் வாங்கோ" என்றேன். அந்த நேரத்தில் அவர் என் காற்சட்டையைக் கேட்டிருந்தாலும் ஓம் என்றிருப்பேன்.

உண்மையில் பின்பக்கம் எல்லாம் பென்சில் எழுத்துத்தான். வெள்ளைக் கடதாசி கண்முன்னே இருக்க அவர் வேறு கொப்பி வாங்குவானேன்? கழுத்து பதினைந்து, கை இருபத்துமூன்று, இடுப்பு முப்பத்தாறு. கிண்ணியாவிலும் குறிஞ்சாக்கேணியிலும் இருந்த ஆண்கள் எல்லாரும் துண்டு துண்டாக அந்தச் சுவரில் இருந்தார்கள். அன்று மாலை வீட்டுக்கு வந்து கொப்பியில் எழுதினேன். அந்த வரியை இன்றைக்கும் மனப்பாடமாகச் சொல்லுவேன். இடம்: கிண்ணியா, கதவிலிருந்து மூன்றாவது. சேதம்: கீழ் இடது மூலையில் மழைநீர்க் கறை, மஞ்சள். பின்புறம்: தையற்காரரின் பென்சில் கிறுக்கல், முக்கியமில்லை.

பிறகு ஒரு காரியம் செய்தேன். பழைய கடதாசி நீண்டகாலம் இருக்க வேண்டுமானால் அதன் முதுகில் துணி ஒட்டவேண்டும் என்று படித்திருந்தேன். மனைவி குசினியில் கோதம்பமாப் பசை காய்ச்சினாள். பூச்சி வராமல் அதில் துருசு கலந்தேன். துணிக்கு என் பழைய வேட்டிகள் போயின. இரண்டு சனிக்கிழமைகளில் பதினொரு மாலுமிகளுக்கும் முதுகில் வேட்டி கட்டியாயிற்று. தமிழனை மட்டும் சட்டம் போட்டு முன் அறையில், விருந்தாளிக் கதிரைக்கு நேர் மேலே மாட்டினேன். அவனுக்குக் கீழே உட்கார்ந்தவர்களை எல்லாம் எழுப்பித் திருப்பிக் காட்டுவேன். சிலர் இரண்டாம் முறை வரவில்லை.

நாலு வருடம் தையற்காரர் அளவு பார்க்க வரவில்லை. கிண்ணியா ஆண்கள் அந்தக் காலத்துக்குள் கொஞ்சம் பருத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

1969இல், ஒரு ஞாயிறு காலை லோஞ்சுப் படகில் வந்து இறங்கினார். கூட மகள். உயர்ந்த பிள்ளை, கையில் ஒரு மட்டைக் கோவை. விருந்தாளிக் கதிரையில் மகள் உட்கார்ந்தாள். தையற்காரர் பக்கத்தில் வாங்குப் பலகையில் இருந்தார். நான் வழக்கம்போல எழுப்பித் திருப்பிக் காட்ட வாய் எடுத்தேன். அதற்குள் அவர் வந்த விசயத்தைச் சொன்னார்.

மகள் ஆசிரியர் கலாசாலைக்கு விண்ணப்பிக்கிறாள். வயது எல்லை உண்டு. பிறந்தபோது பதியவில்லை. பள்ளிக்கூடத்து இடாப்பில் உண்மையான வயதுக்கு இரண்டு கூட எழுதியிருக்கிறது. அந்தக் காலத்தில் பிள்ளை பள்ளிக்கூடம் சேர வலது கையைத் தலைக்கு மேலால் கொண்டுபோய் இடது காதைத் தொட வேண்டும். இவள் உயரமான பிள்ளை, வயது வருமுன்பே காதைத் தொட்டுவிட்டாள். வாத்தியார் தொட்ட காதுக்கு ஏற்ற வயதை எழுதிக்கொண்டார். அந்த இடாப்பின்படி அவள் எல்லையைத் தாண்டிவிட்டாள்.

"ஒரு டாக்குத்தரிட்டயும் காட்டின" என்றாள் பிள்ளை. "பல்லப் பாத்திட்டு எனக்கு இருவத்திமூணு எண்டு சொல்லிட்டார். நான் பொறக்க ரெண்டு வருசத்துக்கு முந்தியே என்ட பல்லு பொறந்து காத்துக்கிட்டு இருந்திச்சாம்."

பிந்திப் பதிகிற கந்தோரில், பிறந்த காலத்திலேயே எழுதிய ஏதாவது அத்தாட்சி கொண்டுவந்தால் பிறப்புப் பத்திரம் தரலாம் என்றார்களாம். விண்ணப்ப முடிவுக்கு மூன்று கிழமை இருந்தது. இந்த வருடம் தவறினால் உண்மையான வயதின்படியும் எல்லை தாண்டிவிடும்.

"எழுதினதுதான் இரிக்கே" என்றார் தையற்காரர் நிம்மதியாக. "இவ பொறந்த அண்டு சுவரில எழுதி வெச்சன். அளவுகளோட அளவா. கதவில இருந்து மூணாவது கடதாசி."

குசினி வாசலில் நின்ற என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் அந்தப் பிள்ளையின் தலைக்கு மேலே பார்த்தேன். நீலக்கண்ணன் என்னைப் பார்த்தான். தகப்பனுக்கும் மகளுக்கும் அவன் யார் என்று தெரியவில்லை. எப்படித் தெரியும்? அவனுடைய முதுகோடுதான் அந்தப் பிள்ளை வளர்ந்தாள். தகப்பன் முகத்தைக் கண்டது அடித்த அன்றும் கழற்றிய அன்றும்தான், இரண்டு முறையும் ஆணியைத்தான் பார்த்திருப்பார்.

அப்போது நான் சொன்னதை மாற்றி எழுத எனக்கு விருப்பம்தான். ஆனால் என் நாட்குறிப்பில் அது இருக்கிறது. "சுருளுகளுக்குள்ளை எங்கையோ இருக்கும் நானா. தேடிப்பாக்கவேணும்" என்றேன்.

அவர்கள் தேநீர் குடித்துவிட்டுப் போனார்கள். படலை சாத்தியதும் மனைவி, "தேடுங்கோவன்" என்றாள். "முதல் அந்தச் சுவரிலை தேடுங்கோ. சில நேரம் அங்கை கிடைக்கும்."

ஒன்பது நாள் இழுத்தேன். எழுத்து கடதாசிக்கும் வேட்டிக்கும் இடையில் இருந்தது. துணியை உரிக்க வேண்டுமானால் ஆவி பிடித்துப் பசையை இளக்க வேண்டும். மூலையில் ஈரவிரலால் தொட்டுப் பார்த்தேன். விரல் சிவந்தது. இங்கிலாந்தில் அடித்த சுவரொட்டிகளில் அப்படி வராது. இது போர்க்காலத்து உள்ளூர் மை, தண்ணியைக் கண்டால் கைகோத்துக்கொண்டு போய்விடும். எழுத்து வேண்டுமானால் படம் போகும். படம் வேண்டுமானால் அந்தப் பிள்ளைக்கு வயது இருபத்துமூன்று.

முதலில் சட்டத்தைக் கழற்றி வெயிலுக்குப் பிடித்து, ஒளியில் எழுத்துத் தெரிகிறதா என்று பார்த்தேன். தெரு நடுவில் நின்று ஒரு மாலுமியைச் சூரியனுக்குக் காட்டிக்கொண்டிருந்தேன். சைக்கிளில் போன மீன்காரர் இறங்கி, "ஐயா, அவருக்கு என்ன வருத்தம்?" என்று கேட்டார். மாலுமியின் தொப்பிதான் தெரிந்தது. அடுத்து, பென்சில் எழுத்தாக இருந்தால் ஈரத்தில் அழிந்துபோகுமே, அழிந்தால் படமும் இல்லை எழுத்தும் இல்லை என்று எனக்கு நானே வாதாடினேன். நனைந்தால் ஊதா நிறமாக ஓடுகிற மைப்பென்சில் அந்தக் காலத்தில் எல்லாக் கடையிலும் இருந்தது. தையற்காரர் எந்தப் பென்சிலால் எழுதினாரோ? இந்த வாதம் எனக்கு நன்றாகப் பிடித்துக்கொண்டது. மூன்று நாள் அதிலேயே இருந்தேன்.

அதைக் குழப்பியது என் கொப்பி. சேதம்: கீழ் இடது மூலையில் மழைநீர்க் கறை, மஞ்சள். சூறாவளி மழை பட்டும் கறை மஞ்சள்தான், ஊதா இல்லை. அந்த மூலையிலும் அளவு எழுதியிருந்தது எனக்கு நினைவிருந்தது. அப்படியானால் அது சாதாரணப் பென்சில், நனைந்தாலும் நிற்கும். இவ்வளவு ஒழுங்காக எழுதி வைத்ததற்காக என்மேல் எனக்கு முதல்முறையாகக் கோபம் வந்தது.

பத்தாம் நாள் தகப்பனும் மகளும் திரும்ப வந்தார்கள். பிள்ளை அதே கதிரையில், அதே ஆளுக்குக் கீழே உட்கார்ந்தாள்.

"கிடைச்சிச்சா தம்பி?" என்றார் தையற்காரர்.

நான் அலுமாரிப் பக்கம் எழும்பினேன். மனைவி தேநீர்த் தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, நிமிராமல், "தங்கச்சி, உம்மடை பிறந்தநாள் உமக்குப் பின்னாலை தொங்குது. திரும்பிப் பாரும்" என்றாள்.

பிள்ளை எழும்பித் திரும்பினாள். வெகுநேரம் பார்த்தாள். தகப்பனும் பார்த்தார்.

"இவனா?" என்றாள். "இவனுக்குப் பின்னாலயா நான் படிச்ச, சாப்பிட்ட, காய்ச்சல்ல கிடந்த எல்லாம்?" பிறகு என் பக்கம் திரும்பினாள். "ஐயா, அண்டைக்கு நான் வந்து இருந்த நேரமும் இவன் இங்கதானே?"

"ஓம் பிள்ளை."

"தேடுறன் எண்டீங்க."

"ஓம்."

தையற்காரர் எங்கள் இருவருக்கும் நடுவில் கையை வைப்பதுபோல, "விடு மகள், மனுசனுக்கு அது பெறுமதியான சாமான்" என்றார். அவர் என்னைத் திட்டியிருந்தால் பசை, துணி, மை என்று ஏதாவது சொல்லித் தப்பியிருப்பேன். நான் எல்லாவற்றையும் சொன்னேன். வேட்டி ஒட்டியதை, ஆவி பிடிக்க வேண்டியதை, படம் கரையப் போவதை. கொப்பியைக்கூடக் காட்டினேன். பிள்ளை கடைசிப் பத்தியில் விரல் வைத்து வாசித்தாள்.

"முக்கியமில்ல" என்றாள். "சரிதான் ஐயா, அப்ப எனக்கும் அது அவ்வளவு முக்கியமா இருக்கல்ல." பிறகு சுவரைப் பார்த்துச் சொன்னாள்: "எங்கட வீட்டில இருவது வருசம் பலகையப் பாத்துக்கிட்டு நிண்டவன். ஒரு நாளும் கோவிச்சதில்ல. இண்டைக்கும் கோவிக்க மாட்டான்."

அன்று பகலே செய்தோம். மேசையில் அவனைக் குப்புறப் படுக்கவைத்தோம். மனைவி கேத்திலைப் பிடிக்க, அதன் மூக்கிலிருந்து வந்த ஆவியை முழம் முழமாக வேட்டிக்குக் காட்டினோம். தையற்காரர் தன் தொழில் கையால் துணியின் ஓரத்தைப் பிடித்து, நூல் நூலாக இழுத்தார். துணியைப் பற்றி என்னைவிட அவருக்குத்தான் தெரியும். "என்ன தம்பி இது, நல்ல எட்டுமுழ வேட்டி, இதயா ஒட்டின?" என்று ஒருமுறை வருத்தப்பட்டார். துருசுப் பசை பச்சையாக இழுபட்டது. மேசையில் சிவப்பும் மண்ணிறமும் கரைந்து ஓரத்தால் வழிந்து தரையில் சொட்டியது. நான் குனிந்து பார்க்கவில்லை. மனைவி பழந்துணி ஒன்றைக் காலால் தள்ளி அதை ஒற்றிக்கொண்டே இருந்தாள். அவளிடமிருந்து கேட்காத ஒரு பகிடிக்காக நான் நன்றியோடு இருந்த ஒரே நாள் அது.

எழுத்து வந்தது. ஒரு வாத்தியாரின் சேட்டளவுக்கும் துறையில் பாதைப்படகு ஓட்டுகிறவர் ஒருவரின் காற்சட்டை அளவுக்கும் இடையில்:

பெண் பிள்ளை. வெள்ளி, சுபஹு தொழுகைக்குப் பின். 12 மார்ச் 1948. உம்மாவும் பிள்ளையும் சுகம்.

நாட்காட்டி எடுக்காமலே கணக்குப் பார்த்தேன். வெள்ளிதான். ஆனால் பென்சிலின் பாதி பசையோடு துணிக்குப் போயிருந்தது. 'பெண்', 'வெள்ளி', '1948' கடதாசியில். 'மார்ச்' வேட்டியில், இடம்வலம் மாறி. முகம் பார்க்கும் கண்ணாடியில் பிடித்தால் வாசிக்கலாம்.

ஆகவே கந்தோருக்கு இரண்டையும் கொண்டுபோனோம். எந்தக் கந்தோர் என்று எழுதமாட்டேன், அங்கே இருந்தவர்கள் நல்ல மனிதர்கள். அதிகாரி கடதாசியைப் பார்த்தார், வேட்டியைப் பார்த்தார், மேசை லாச்சியிலிருந்து சவரக் கண்ணாடி ஒன்றை எடுத்து வேட்டியை வாசித்தார். பிறகு, "எழுத்துச் சரி. ஆனால் இதைப் போன கிழமை எழுதவில்லை எண்டதுக்கு என்ன அத்தாட்சி?" என்றார்.

தையற்காரர் என்னைப் பார்த்தார். பிள்ளை பார்க்கவில்லை, மடியில் இருந்த கோவையின் நூலை இழுத்துக்கொண்டிருந்தாள். முடிவு திகதிக்கு ஆறு நாள்.

நான் பையிலிருந்து நீலமட்டைக் கொப்பியை எடுத்து அந்தப் பக்கத்தை விரித்து வைத்தேன். 1965 மாசி. அதற்கு மேலும் கீழும் நெருக்கமாக வேறு திகதிகள், இடையில் ஒரு சொல் செருக இடமில்லை. அதிகாரி கந்தோர் முழுக்கக் கேட்கும்படி வாசித்தார்: "பின்புறம், தையற்காரரின் பென்சில் கிறுக்கல், முக்கியமில்லை." கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். "நாலு வருசத்துக்கு முந்தி இதைப் பாத்தனீங்கள்."

"ஓம், பாத்தனான்."

"வாசிக்கவில்லை."

"இல்லை."

"நல்லதாப் போச்சு. வாசிச்சு எழுதியிருந்தால் இப்ப சேந்து செய்த வேலை எண்டு நினைச்சிருப்பன். ஒருத்தனும் பொய் சொல்லுறதுக்கு இப்பிடி எழுத மாட்டான்" என்றார்.

பத்திரம் நாலாம் நாள் கிடைத்தது. விண்ணப்பம் போனது. அந்த வருடமே பிள்ளை கலாசாலைக்குப் போனாள்.

அத்தாட்சிகள் கந்தோரில் நின்றன. கொப்பியைத் தைத்துக் கோவையில் சேர்த்தார்கள். வேட்டியை நாலாய் மடித்து உறையில் போட்டார்கள். சுவரொட்டி பெரிதாக இருந்ததால் எழுதுவினைஞர் ஒரு தடித்த மட்டையில் அதை ஒட்டினார். எழுத்துத் தெரிய வேண்டும் அல்லவா? ஆகவே முகம் மட்டைக்கு. நானே பசையைப் பிடித்துக் கொடுத்தேன். கரைந்து மிஞ்சியிருந்தது ஒரு கண் மட்டும்தான். அந்த நீலம் என்ன மை என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை, அது அசையவில்லை. மட்டையோடு அமர்த்தும்போது கடைசியாக அதைத்தான் பார்த்தேன்.

பிறகு புதுக் கொப்பி ஒன்று வாங்கினேன். பின்புறம் என்ற பத்தியை முதலாவதாக வைத்தேன். மற்றப் பத்து மாலுமிகளின் வேட்டிகளையும் உரித்து, அளவுகளை ஒன்றுவிடாமல் பிரதி எடுத்துத் தையற்காரரிடம் கொடுத்தேன். அவர் வாசித்துப் பார்த்து, "இதில பாதிப்பேர் மௌத்தாகிட்டாங்க தம்பி, மிச்சப்பேர் வண்டி வெச்சுப் பெருத்திட்டாங்க" என்றார். ஆனாலும் வாங்கி வைத்துக்கொண்டார்.

எண்பதாம் ஆண்டு அளவில், ஓய்வுக்கு முன்னம், கந்தோருக்குப் போய் அந்தச் சுவரொட்டியை, அல்லது அதில் மிஞ்சியதை, திருப்பித் தரமுடியுமா என்று கேட்டேன். இளம் எழுதுவினைஞர் கோவையை எடுத்துப் பார்த்து, மிகவும் மரியாதையாக, "ஏலாது ஐயா. அந்தப் பத்திரம் நடைமுறையில் இருக்கும் வரைக்கும் அத்தாட்சியும் இருக்கவேணும்" என்றார். எது வரைக்கும் என்று கேட்டேன். "பத்திரத்துக்குரியவர் உயிரோடு இருக்கும் வரைக்கும்."

அடுத்த கிழமை கிண்ணியாவில் பள்ளிக்கூட வாசலில் அவளைக் கண்டேன். இப்போது ரீச்சர். கையில் ஒரு கட்டுக் கொப்பி, பின்னால் காதைத் தொடத் தெரிந்த பிள்ளைகளின் வரிசை. கந்தோரில் சொன்னதைச் சொன்னேன்.

"அப்ப நான் மௌத்தானா மறுநாளே போய் எடுங்க ஐயா" என்றாள். "வாப்பாட்ட சொல்லி வெக்கிறன், ஒங்களுக்கு ஆள் அனுப்பச் சொல்லி."

நான் கணக்குப் பார்த்தேன். அவள் என்னைவிடப் பதினேழு வயது இளையவள். இடாப்பின்படி பதினைந்து.

"பதினேழுதான்" என்றாள் அவள், நான் வாய் திறக்குமுன்.